மே மாதத்து ஊர்

தமிழ் அகமரபில் வேனில் பிரிவின் பருவம். பாலைத் திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் தொல்காப்பியம் வகுத்தது. பொருள் தேடிச் செல்லும் தலைவன் காய்ந்த நிலத்தைக் கடப்பதும், மனையிலிருப்போர் வழிபார்த்துக் காத்திருப்பதும் அப்பருவத்தின் நிகழ்ச்சிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இந்த மரபு வாழ்க்கையில் தலைகீழாயிற்று. பொருள் தேடிச் சென்னைக்குச் சென்றவர் மனைவி மக்களோடு ஊர் திரும்பும் பருவமாக வேனில் மாறியது. பாட்டன் வீட்டுத் திண்ணையும், ஆற்று மணலும், மாந்தோப்பும், முற்றத்து நிலவும் இந்த வருகையின் வழியாகவே நகரத்துப் பிள்ளைகளின் நினைவில் பதிந்தன. அப்பிள்ளைகளுள் சிலர் பின்னர்க் கவிஞராயினர், கதாசிரியராயினர். அண்மைக் காலத் தமிழ்க் கவிதையில் பயிலும் 'ஊர்' பலவாறாக அவர்கள் கண்ட ஊரே. ஆகவே அந்தக் கோடைப் பயணத்தின் வரலாற்றை அறிவது இலக்கியம் கற்போர்க்கு இன்றியமையாதது.

விடுமுறையின் பிறப்பு

உழவர் வாழ்வில் ஓய்வு உண்டு; விடுமுறை இல்லை. நீரும் நிலமும் பணிக்கும்போது உழைத்து, அவை விடும்போது ஓய்வது உழவு. ஆண்டின் குறித்த நாள்களில் பணியை நிறுத்தி, ஊதியத்தோடு வெளியூர் செல்லும் உரிமை அலுவலகத்தோடும் பள்ளியோடும் நீதிமன்றத்தோடும் வந்த ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இலும் உயர்நீதிமன்றம் 1862இலும் தோன்றின. ஆங்கில நீதிபதிகளும் பேராசிரியர்களும் சென்னையின் அக்கினி நட்சத்திர வெயிலைத் தாங்கமாட்டாராயினர். ஆளுநரும் அவர்தம் அலுவலரும் கோடையில் உதகமண்டலத்துக்குச் சென்று அங்கிருந்தே ஆட்சி நடத்தும் வழக்கம் வேரூன்றியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் மலை இரயில் ஓடத் தொடங்கியது இவ்வழக்கத்தை மேலும் எளிதாக்கிற்று.

ஆளுவோர் மலையேறிய அதே வேளையில், நீதிமன்றம் அடைத்த வழக்கறிஞரும், கல்லூரி மூடிய மாணவரும், விடுப்புப் பெற்ற எழுத்தரும் தத்தம் ஊரை நோக்கினர். வெயிலுக்கு அஞ்சிய ஆங்கிலேயர்க்காக அமைந்த நாட்காட்டி, தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடும் நாட்காட்டியாக மாறியது. இதில் ஒரு முரண் அடங்கியுள்ளது. ஆங்கிலேயர் வெயிலிலிருந்து தப்பிச் சென்றனர். தமிழர் சென்னையைவிடக் கடுமையாகக் காயும் ஊர்களுக்கு விரும்பிச் சென்றனர். அவர்கள் தேடியது குளிர்ச்சியை அன்று. நகரத்தில் வாடகை வீட்டில் வாழ்ந்தவர்க்கு ஊரில் வீடு இருந்தது, நிலம் இருந்தது, பெயர் இருந்தது. அவற்றை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும் சடங்காகவே கோடைப் பயணம் அமைந்தது எனலாம். பங்காளிகளோடு கணக்குப் பார்த்தல், குத்தகை நெல்லைப் பேசித் தீர்த்தல், குலதெய்வத்துக்குப் பொங்கலிடுதல், பெண் பார்த்தல், குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்துதல் ஆகிய அனைத்தும் இந்த நாற்பது ஐம்பது நாள்களுக்குள் அடங்கின.

இருப்புப்பாதை வகுத்த வழி

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. நாகப்பட்டினத்தையும் தஞ்சாவூரையும் 1861இல் இருப்புப்பாதை இணைத்தது. தென்னிந்திய இரயில்வே 1874இல் உருவாயிற்று. விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் எனச் செல்லும் மீட்டர் பாதை சோழநாட்டுச் சிற்றூர்களைச் சென்னையோடு பிணைத்தது. எழும்பூர் நிலையம் இன்றுள்ள கட்டடத்தில் 1908இல் திறக்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு 1903இலும் திருச்செந்தூருக்கு 1923இலும் கிளைப்பாதைகள் அமைந்தன. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் ஒரு சிறு கிளை திறக்கப்பட்டு 1986 வரை இயங்கியது.

கிளைப்பாதையின் இறுதி நிலையத்தில் இறங்கியவரைக் கூண்டு வண்டி எதிர்கொண்டது. முதல்நாள் மாலை எழும்பூரில் ஏறியவர் மறுநாள் பகலில் வீட்டு வாசலை மிதித்தனர். இந்த ஓரிரவு தொலைவே நகரத்தில் வேலையும் ஊரில் வேருமாக வாழ்தலை இயலச் செய்தது. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சென்றவர்க்கு ஊர் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்க்கும் காட்சி. சென்னைக்குச் சென்றவர்க்கோ ஆண்டுதோறும் கிட்டும் உறவு. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5 இலட்சத்து 9 ஆயிரமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1951இல் 14 இலட்சத்தைக் கடந்தது. இவ்வாறு பெருகிய நகரம் கோடைதோறும் எழும்பூர் நிலையத்தின் வழியே தன் மக்களுள் ஒரு பகுதியை ஊர்களுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

1972இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றிய பின்னர்ப் பேருந்து இரயில் நிலையம் இல்லாத ஊர்களையும் எட்டியது. கூண்டு வண்டியின் காலம் அத்துடன் முடியலாயிற்று.

கோடையில் ஊர்

விடுமுறைக்கு வந்த பிள்ளை எந்த ஊரைக் கண்டது என்பதே இவ்வரலாற்றின் மையமான வினா. காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தை, மாசித் திங்களோடு முடிந்துவிடும். மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்ட பின்னர்ப் பாசனத்துக்கு நீர் விடும் நாளாக ஜூன் 12 வழக்கில் நிலைபெற்றது. பள்ளிகளோ பெரும்பாலும் ஜூன் தொடக்கத்திலேயே திறந்தன. ஆகவே சித்திரை, வைகாசியில் வந்து சென்ற நகரத்துப் பிள்ளை ஆற்றை மணலாகவே கண்டது. வாய்க்காலை விளையாடும் பள்ளமாகக் கண்டது. வயலை வெடித்த நிலமாகவும் பந்தாடும் திடலாகவும் கண்டது. புதுவெள்ளம் நுரைத்து வரும் நாளில் அது நகரத்துப் பள்ளியில் வருகைப் பதிவேட்டுக்கு விடையளித்துக்கொண்டிருந்தது. நாற்று நடவையும், களை பறித்தலையும், கதிர் அறுப்பையும், களத்தில் கூலி அளத்தலையும் அது காணவில்லை.

வயல் காய்ந்து கிடக்கும் காலம், வயலை நம்பிய கூலியாளுக்கு வேலை அற்ற காலம். அறுவடையில் பெற்ற நெல் தீர்ந்து, அடுத்த நடவுவரை கடன் வாங்கியும், நத்தை நண்டு பொறுக்கியும், கீரை பறித்தும் நாள் தள்ளும் காலம். நகரத்திலிருந்து வந்தவரின் விடுமுறையும் சேரியிலிருந்தவரின் வேலையின்மையும் ஒரே திங்களில் அமைந்தன. ஒரே மாந்தோப்பில் ஒரு பிள்ளை விளையாடியது; மற்றொரு பிள்ளை உதிர்ந்த வடுவைப் பொறுக்கியது. உழவுத் தொழிலாளர் கூலிக்காகப் போராடியவை பெரிதும் அறுவடைக் காலங்களே. கீழ்வெண்மணியில் 44 பேர் தீக்கிரையாக்கப்பட்ட நாள் 1968 டிசம்பர் 25. கதிர் முற்றிய மார்கழித் திங்கள். கோடையில் வந்து கோடையில் சென்றவரின் நினைவில் அந்த மார்கழிக்கு இடம் வாய்க்கவில்லை.

தென்பாண்டி நாட்டின் தேரி நிலத்திலோ கோடை இதற்கு நேர்மாறானது. அங்குப் பனைத்தொழில் உச்சம் பெறும் பருவம் அதுவே. பனையேறி நாளுக்கு இருமுறை மரமேறிப் பாளை சீவ, அவன் மனைவி விடிலி எனப்படும் ஓலைக் குடிசையில் அடுப்பின் அனலும் வெயிலின் அனலும் ஒருசேரத் தாக்கப் பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சுவாள். விடுமுறைப் பிள்ளை பனையோலைப் பட்டையில் பதநீர் அருந்தும், நுங்கு தின்னும், நுங்குக் கூந்தலில் வண்டி செய்து ஓட்டும். அதன் நாவில் நின்ற இனிப்பு பிறர் வியர்வையின் விளைவு என்பதை அறியும் வயது அதற்கில்லை. வளர்ந்து எழுதியவருள்ளும் எல்லோரும் அதனை எண்ணிப் பார்த்தாரில்லை.

அடுக்களையின் பருவம்

வெளியே வயல் ஓய்ந்திருக்க, வீட்டுக்குள் பெண்டிர்க்குக் கோடை ஓய்வற்ற காலமாயிற்று. ஆண்டுக்கு வேண்டிய வடகமும் வற்றலும் அப்பளமும் இடுவதற்கு ஏற்றது அவ்வெயிலே. புளியை உலர்த்திக் கொட்டை நீக்கி உப்பிட்டுப் பானையில் அடைத்தல், மிளகாயும் மல்லியும் காயவைத்தல், மாங்காய் ஊறுகாய் போடுதல், நெல் அவித்துக் குத்துதல் என வேலைகள் வரிசையாக நின்றன. நாலைந்து பேர் உண்ட வீட்டில் இருபது பேர் உண்ணத் தொடங்கும் திங்களும் அதுவே. கிணற்றிலோ நீர் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும்.

நகரத்திலிருந்து வந்த மகளுக்கு அது தாய்வீடு. ஊரில் வாழ்ந்த மருமகளுக்கு அது மாமியார் வீடு. நாத்தனார் தன் பிள்ளைகளோடு வந்து தங்கிய நாள்களில் அண்ணி தன் தாய்வீடு செல்லுதல் இயலாது. எல்லோரும் திரும்பிய பின் ஆடியில் அழைப்பு வந்தால் உண்டு. ஒருத்தியின் விடுமுறை மற்றொருத்தியின் உழைப்பின்மேல் நின்றது. அவ்விருவரும் மாலையில் முற்றத்தில் அமர்ந்து ஒருவர் தலையை ஒருவர் வாரிப் பூச்சூட்டிக்கொண்டதும் உண்மை. அன்பும் சுமையும் ஒரே தாழ்வாரத்தில் வாழ்ந்தன. கோடைப் பயணத்தைப் புகழ்ந்தோர் அன்பை மட்டும் எழுதினர். சுமையை எழுதுவதற்கு அண்ணிமார் எழுதுகோல் ஏந்தும் காலம் வரவேண்டியிருந்தது.

பயணம் திரும்பியபோது மூட்டைகளும் உடன் சென்றன. அரிசி, புளி, வற்றல், நல்லெண்ணெய், கருப்பட்டி ஆகியவை நகரத்துக் குடும்பத்தின் ஓராண்டுச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கின. இரண்டாம் உலகப் போரின்போது சென்னையில் உணவுப் பங்கீடு வந்த காலத்தில் இந்த மூட்டையின் மதிப்புப் பன்மடங்காயிற்று. நகரத்தார் ஊருக்கு ஆடையும் மருந்தும் நாளிதழ்ச் செய்தியும் கொணர்ந்தனர். கொடுத்ததும் பெற்றதும் சமமாயிருந்தனவா என்பதை எந்தக் கணக்கேடும் சொல்லாது.

ஊர் இல்லாதவர்

சென்னைக்கு வந்தவர் அனைவர்க்கும் இந்தக் கோடை வாய்க்கவில்லை. பெரம்பூர் இரயில்வே பணிமனையிலும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளிலும் உழைத்தோருள் பலர் செங்கற்பட்டு, வடஆர்க்காடு பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் நிலமின்மையாலும் சாதிக் கொடுமையாலும் வெளியேறி வந்தவர். அவர்கள் ஊர் சென்றது திருவிழாவுக்கும் சாவுக்கும் அறுவடைக் கூலிக்கும். எழுத்தர்க்கு இருந்த விடுப்பு ஆலைத் தொழிலாளர்க்கு இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, தொழிலாளர்க்கு 20 நாளுக்கு ஒருநாள் வீதம் ஊதியத்தோடு கூடிய ஆண்டு விடுப்பை உறுதிசெய்தது.

விடுப்புக் கிடைத்த பின்னும் செல்லுதற்கு ஓர் ஊர் வேண்டுமே! ஊர் என்னும் சொல்லே வழக்கில் சேரியை விலக்கி நின்றது. ஊரும் சேரியும் எனப் பிரித்துப் பேசிய மரபில், சேரியிலிருந்து நகரம் வந்தவர்க்கு 'என் ஊர்' என்னும் சொல் இனிப்பாக ஒலித்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது அறியாமை. தெருவில் செருப்பணிந்து நடக்கவும், பொதுக்கிணற்றில் நீரெடுக்கவும் இயலாத இடத்துக்குப் பிள்ளைகளை எதற்காக விடுமுறைக்கு அழைத்துச் செல்வது? அவர்தம் பிள்ளைகள் பலர்க்கு நகரமே முதல் விடுதலையாயிற்று. தலித் இலக்கியம் எழுந்த பின்னரே தமிழ் வாசகர் ஆண்டின் ஏனைய பதினொரு மாதத்து ஊரை அதன் முழு உருவில் காணத் தொடங்கினர்.

நடுவணரசு தன் ஊழியர்க்கு 1956இல் விடுமுறைப் பயணச் சலுகையை வழங்கியபோது 'சொந்த ஊர்' என்பது பணிப்பதிவேட்டில் எழுதப்படும் செய்தியாயிற்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு சொந்த ஊர் சென்றுவர அரசு செலவளித்தது. பின்னாளில் இந்தியாவின் எப்பகுதிக்கும் செல்லலாம் எனச் சலுகை விரிந்தது. ஊருக்குச் செல்லுதல் கடமை என்னும் நிலையிலிருந்து, விரும்பிய இடத்தைக் காணச் செல்லும் சுற்றுலாவுக்குக் குடும்பங்கள் நகர்ந்த மாற்றத்தை அந்த விதியின் விரிவிலும் காணலாம்.

கேள்விகளோடு சென்ற மாணவர்

விடுமுறைக்குச் சென்றவர் எல்லோரும் கண்மூடிச் சென்றவர் அல்லர் என்பதற்கு ஒரு சிறந்த சான்றுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், 1916ஐ ஒட்டித் தம் மாணவரிடம் ஒரு வினாநிரலைக் கொடுத்து, அவரவர்க்குப் பழகிய ஊர்களை ஆராய்ந்து வருமாறு பணித்தார். நிலம் யாரிடம் உள்ளது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, நீர் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்விகளோடு மாணவர் சென்றனர். திருநெல்வேலிப் பகுதியின் கங்கைகொண்டான், தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, அன்றைய இராமநாதபுர மாவட்டத்தின் வடமலைபுரம் முதலிய ஊர்கள் இவ்வாறு ஆராயப்பட்டு 1918இல் நூலாக வெளிவந்தன. பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராயச் செய்து 1940இல் மற்றொரு நூல் தந்தனர். இருவேல்பட்டு அதன் பின்னரும் பன்முறை ஆராயப்பட்டது.

பாட்டன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மாணவன், வாயிற்படிக்கு வெளியே நின்ற பண்ணையாளிடம் கூலி எவ்வளவு எனக் கேட்ட அந்த நொடியில், மே மாதத்து ஊர் பன்னிரு மாதத்து ஊராக விரியத் தொடங்கியது. அதுவரை வேலையாளாக மட்டும் தெரிந்தவர், கடனும் பசியும் பிள்ளைகளும் உடைய மனிதராகத் தெரிந்தார். அதற்குக் கேள்வி ஒன்றே தேவைப்பட்டது.

அடைக்கலமான ஊர்

விடுமுறை அல்லாத காலத்திலும் நகரம் ஊரைத் தேடி ஓடியதுண்டு. 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியபோது மக்கள் நகரை விட்டு வெளியேறினர். 1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு ஆளானதும் சென்னை பெரிதும் காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. ஆண்டுதோறும் சென்று பழகிய பாதையே அன்று உயிர்காக்கும் பாதையாயிற்று. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னையிலிருந்து குடும்பங்கள் மீண்டும் ஊர்களை நோக்கிச் சென்றன. இம்முறை பல ஊர்களில் வீடு பூட்டிக் கிடந்தது, சிலவற்றில் விற்கப்பட்டிருந்தது. பழகிய பாதை முக்கால் நூற்றாண்டில் எவ்வளவு தூர்ந்துவிட்டது என்பதை அந்நாள்கள் காட்டின.

தூர்ந்தமைக்குக் காரணங்கள் பல. பாட்டனும் பாட்டியும் மறைந்தனர். நிலம் கைமாறியது. கோடையில் சிறப்பு வகுப்புகளும் நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் வந்தன. ஊரிலிருந்த அண்ணிமாரின் பிள்ளைகளும் படித்து நகரம் சென்றனர். விருந்தோம்ப ஊரில் ஆளில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழக மக்களுள் 48 விழுக்காட்டினர் நகரவாழ்நராயினர். ஊர்ப்பயணம் பொங்கலும் தீபாவளியுமாகிய சில நாள்களுக்குள் சுருங்கியது. 2002இல் கோயம்பேட்டிலும் 2023இன் இறுதியில் கிளாம்பாக்கத்திலும் திறக்கப்பட்ட பேருந்து நிலையங்கள் அந்தச் சில நாள்களின் நெரிசலுக்குப் பெயர்பெற்றன. சித்திரையில் சென்றவர் இன்று தையில் செல்கின்றனர். அவர்கள் முற்றிய கதிரைக் காண்கின்றனர். ஆயின் பல வயல்களில் அறுக்கும் கைகளைக் காணவில்லை, எந்திரத்தையே காண்கின்றனர்.

கவிஞர்க்குரிய செய்தி

இளமையில் குளித்த நீர்த்துறையை முதுமையில் எண்ணி ஏங்குதல் இரயில் கொணர்ந்த உணர்வு அன்று. தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய புறநானூற்றுப் பாட்டு அவ்வேக்கத்தை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் நிலைநிறுத்தியது. கோடைப் பயணமும் தமிழுக்குப் பெருங்கொடை அளித்துள்ளது. அத்தை, சித்தி, பெரியம்மா, அம்மான், மதினி என்னும் முறைப்பெயர்களை நகரத்துப் பிள்ளையின் நாவில் ஏற்றியது அதுவே. தார்சாவும் பட்டாசலும், ரேழியும் கொல்லையும் அகராதியில் புதையாமல் கவிதைக்குள் வந்தது அப்பயணத்தாலேயே. வட்டார வழக்கு நகரத்தில் பிறந்த தலைமுறைக்கும் எட்டியது ஊரில் கழிந்த அந்த நாற்பது நாள்களால்தான்.

ஆயினும் மணலாகக் கண்ட ஆற்றை ஆறு முழுவதுமாகக் கொள்ளுதல் கூடாது. ஊரைப் பாடும் கவிஞன் தன் நினைவு எந்தத் திங்களுக்குரியது, யாருடைய திண்ணையிலிருந்து பார்த்தது, யார் இறைத்த நீரில் குளித்தது என்று ஒருமுறை வினவிக்கொள்வானாயின் அவன் பாட்டில் அண்ணியும் பனையேறியும் வடுப் பொறுக்கிய பிள்ளையும் தாமே வந்து நிற்பர். அவர்கள் வந்து நிற்பதால் மாந்தோப்பின் நிழல் குறைந்துவிடாது. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் கவிஞர்கள் இனி எழுதப்போகும் ஊர்களில் புதுவெள்ளமும் நடவும் அறுவடையும் மார்கழி இரவும் இடம்பெறுமாயின், மே மாதத்து ஊருக்குப் பன்னிரு திங்களும் வாய்க்கும்.